ஒரு அமெரிக்க அரசியல்வாதி வரி விஷயத்தில் நடுத்தரக் குடும்பங்கள் பக்கம் ஓட்டுப் போட்டாரா என்று எப்படி ஒப்பிடுவது?

"இவர் இத்தனை தடவை வரியை உயர்த்த ஓட்டுப் போட்டவர்" என்று தேர்தல் சமயத்தில் சுற்றும் கணக்கை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த மசோதா, அதில் எந்தக் கட்டத்தில் போட்ட ஓட்டு என்று பாருங்கள்.

2008-ல் ஒபாமா 94 தடவை வரி உயர்வை ஆதரித்தார் என்று எதிர்த்தரப்பு பிரசாரம் செய்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது 23 ஓட்டுகள் வரிக் குறைப்பை எதிர்த்தவை மட்டுமே. அவற்றால் யாருக்கும் வரி ஏறியிருக்காது. 53 ஓட்டுகள் பட்ஜெட் தீர்மானங்களையும் அவற்றின் திருத்தங்களையும் சேர்ந்தவை. பட்ஜெட் தீர்மானம் ஜனாதிபதி கையெழுத்துக்கே போகாது, சட்டமும் ஆகாது.

அந்தத் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயினையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புஷ் கொண்டுவந்த 2001, 2003 வரிக் குறைப்புகள் இரண்டையும் சொந்தக் கட்சியை மீறி எதிர்த்தார். பலன் வசதியானவர்களுக்கே அதிகம் போகிறது என்பது 2001-ல் அவர் சொன்ன காரணம். 2006-ல் அதே குறைப்புகளில் சிலவற்றை நீட்டிக்க ஆதரவாக ஓட்டுப் போட்டார். ஒரு வருடத்தை மட்டும் எடுத்தால் பாதி மனிதர்தான் தெரிவார்.

நான் நியூஜெர்சியில் வீடு வைத்திருப்பவன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுபவன். அதனால் 2017 வரிச் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். மாநிலத்துக்கும் ஊருக்கும் கட்டிய வரியை மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்வதற்கு 10,000 டாலர் உச்சவரம்பு வைத்தார்கள். தனி ஆளுக்கும் 10,000, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கும் அதே 10,000. இங்கே சாதாரண சம்பளக்காரர் வீட்டையும் அது தொட்டது. பிரதிநிதிகள் சபையில் இறுதி ஓட்டு 224-201. எதிர்த்த 12 குடியரசுக் கட்சியினரில் 11 பேர் நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியாக்காரர்கள். எங்கள் மாநிலத்தின் ஐந்து குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் டாம் மெக்கார்தர் மட்டும் ஆதரித்தார். 2018 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி கிம்மிடம் தோற்றார். சுகாதாரக் காப்பீட்டு மசோதாவில் அவர் எடுத்த நிலையும் அந்தத் தேர்தலில் பெரிய விஷயம்.

ஆனால் அந்த 2017 வரி மசோதாவில் என்னை மிகவும் பாதித்தது இறுதி ஓட்டு இல்லை, ஒரு திருத்தம். குடியரசுக் கட்சி செனட்டர்களான மார்கோ ரூபியோவும் மைக் லீயும் குழந்தைகளுக்கான வரிச் சலுகையை, வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத உழைக்கும் குடும்பங்களுக்கும் அதிகமாகக் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கான பணத்துக்கு, நிறுவன வரியை 20 சதவீதத்துக்குப் பதில் 20.94 சதவீதமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். செனட்டில் 29-71 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் இரண்டு கட்சியினரும் இருந்தார்கள். மூன்று வாரத்துக்குள் வந்த இறுதிச் சட்டத்தில் நிறுவன வரி 21 சதவீதம்! அதாவது அந்த 0.94 கொடுக்க முடியாத தொகை இல்லை; குழந்தைகளுக்கு என்று கேட்டபோது மட்டும் முடியவில்லை. அப்புறம் ரூபியோ, எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று மிரட்டித்தான், அந்தச் சலுகையில் வருமான வரி கட்டாத குடும்பத்துக்கும் பணமாகக் கையில் கிடைக்கும் பங்கைக் குழந்தைக்கு 1,100-லிருந்து 1,400 டாலராக்கினார்.

இந்த மாதிரி ஓட்டு எந்த விளம்பரத்திலும் வராது. செனட் இணையதளத்தில் பெயர்வாரியாக இருக்கிறது. உங்கள் இரண்டு வேட்பாளர்களும் ஒரே திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டிருந்தால், ஒப்பீட்டை அங்கே தொடங்குங்கள்.