பெங்களூரு கோயில் தகவல் பலகையில் "சோழர் காலம்" என்பதைத் தவிர வேறு என்ன எழுதலாம்?

கேள்வி பெங்களூரின் தொம்மலூர் (Domlur) பகுதியில் உள்ள சொக்கநாதசுவாமி கோயில் மாதிரியான இடங்களைப் பற்றியது. கோயிலை விட்டுவிட்டுக் கல்வெட்டிலிருந்து தொடங்குங்கள். அரசன் பெயரை மட்டும் பொறுக்காமல், யார் கொடுத்தார், எதை, யாருக்கு என்று தாளில் மூன்று கட்டம் போட்டுக் குறித்தால் வணிகரும் நிலமும் ஏரியும் தாமாக வெளியே வரும். தொம்மலூரைத் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பட்டணம் என்ற சொல்லே வணிகத்தின் வாசனை. பலகை அங்கே தொடங்கட்டும்.

கல்லில் சுண்ணாம்போ பெயின்ட்டோ பூசி எழுத்தைத் துலக்க வேண்டாம், பொருக்கோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். இரவில் பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் படம் எடுத்தாலே போதும், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

ஒரு பலகைக்கு 60, 70 சொல். "தானம் வழங்கப்பட்டது" என்று எழுதினால் கொடுத்தவர் காணாமல் போகிறார். பெரும்பாலான பலகைகளின் வியாதி இதுதான். ஆங்கிலத்தில் எழுதிக் கன்னடத்துக்கும் தமிழுக்கும் பெயர்ப்பதும் வேண்டாம், ஊர்ப்பெயர்கள் சிதையும்.

தமிழா கன்னடமா என்ற மொழிச் சண்டைக்குப் பயந்து மழுப்பவும் தேவையில்லை. "பெங்களூரு" என்ற பெயர் உள்ள, சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த, பெங்களூரின் பேகூர் பகுதி வீரக்கல் கன்னடம். அதையும் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

முதலில் தாளில் அச்சடித்து ஒட்டுங்கள். படித்தவர் பத்துப் பேரிடம் "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். ராஜா பெயரை மட்டும் சொன்னால், திருத்தி எழுதுங்கள்.