இரண்டு எல்இஎஸ் இருந்தும் ஈலேன் விழுவது ஏன்?

கேள்வி: ஏடிஎம் என்ற பிணையத் தொழில்நுட்பத்தின் மேல் ஒரு லேன் போல இயங்கும் ஈலேன் (எமுலேட்டட் லேன்) ஒன்றுக்காக, இரண்டு சிஸ்கோ ரவுட்டர்களில் எல்இஎஸ்/பஸ் ஜோடி (லேன் எமுலேஷன் சர்வரும், எல்லோருக்குமான செய்திகளை அனுப்பும் சர்வரும்) அமைத்து, இரண்டின் முகவரியையும் தரவுத்தளத்தில் சேர்த்திருக்கிறேன். சோதித்துப் பார்க்க முதல் ரவுட்டரை அணைத்தால் ஈலேன் முழுக்கப் படுத்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: அணைத்த ரவுட்டரில்தான் உங்கள் ஒரே எல்இசிஎஸ்ஸும் (லேன் எமுலேஷன் கான்ஃபிகரேஷன் சர்வர்) ஓடிக்கொண்டிருந்திருக்கும். 'எந்த எல்இஎஸ்ஸிடம் போக வேண்டும்' என்று ஈலேனில் சேரும் கிளையன்ட்டுக்குச் சொல்வது அதுதான். அது போய்விட்டால் இரண்டாவது எல்இஎஸ் உயிரோடிருந்தும் யாருக்கும் வழி தெரியாது. ஆகவே இரண்டாவது எல்இசிஎஸ்ஸும் வேண்டும்.

1995-ல் ஏடிஎம் ஃபோரம் என்ற தரநிலை அமைப்பு வெளியிட்ட லேன் எமுலேஷன் 1.0-இல் மாற்று சர்வருக்கு ஏற்பாடே இல்லை. அதற்காக சிஸ்கோ சேர்த்ததுதான் எஸ்எஸ்ஆர்பி (சிம்பிள் சர்வர் ரிடண்டன்ஸி புரோட்டோக்கால்). அதை இயக்கத் தனிக் கட்டளை எதுவும் கிடையாது. இரண்டு பட்டியல்களைச் சரியாக எழுதினாலே வேலை செய்யும்.

ஒன்று, ஏடிஎம் சுவிட்சில் உள்ள எல்இசிஎஸ் முகவரிப் பட்டியல். ஐஎல்எம்ஐ (சுவிட்சும் கருவிகளும் தகவல் பரிமாறும் நெறிமுறை) வழியாக எல்லோரும் இதைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். பட்டியலில் மேலே இருப்பவர் மாஸ்டர், மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஒவ்வொரு சுவிட்சிலும் இதே முகவரிகள் இதே வரிசையில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டு எல்இசிஎஸ்ஸும் தன்னையே மாஸ்டர் என்று நினைத்து, ஈலேன் இரண்டாகப் பிளக்கலாம். எல்லா விளக்கும் பச்சையாக எரியும், பாதிப் பேருக்கு மறுபாதி தெரியாது. இதைக் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி.

மற்றது, எல்இசிஎஸ் தரவுத்தளம். ஈலேன் பெயரின் கீழ் இரண்டு எல்இஎஸ் முகவரிகளையும் முன்னுரிமைப்படி எழுதுங்கள். இரண்டு எல்இசிஎஸ்ஸிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே நகலாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே தானாக ஒத்திசைவு நடப்பதில்லை.

முகவரியைக் கையால் கணக்கிட்டு எழுதுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏடிஎம் முகவரியின் 20 பைட்டில் முதல் 13 சுவிட்ச் தரும் முன்னொட்டு, அடுத்த 6 ரவுட்டரின் மேக் எண் (வன்பொருள் முகவரி), கடைசி 1 செலக்டர். சிஸ்கோ கருவியில் கிளையன்ட்டுக்கு முதல் மேக் எண் என்றால், எல்இஎஸ்ஸுக்கு அதோடு 1, பஸ்ஸுக்கு 2, எல்இசிஎஸ்ஸுக்கு 3 கூட்டிய எண். ஆகவே கார்டை மாற்றினாலோ, கேபிளை வேறு சுவிட்சில் செருகினாலோ முகவரியே மாறிவிடலாம், பட்டியல் பழசாகிவிடும். கணக்குப் போடுவதைவிட, கருவி காட்டும் முகவரியை அப்படியே நகலெடுங்கள்.

இப்போது மறுபடி அணைத்துப் பாருங்கள். கிளையன்ட்டுகள் எல்லாம் ஒருமுறை விழுந்து புதிய எல்இஎஸ்ஸில் மறுபடி சேரும். எஸ்எஸ்ஆர்பியில் அந்த இடைவெளி சகஜம். அதையும் தவிர்க்க வேண்டுமானால் எஃப்எஸ்எஸ்ஆர்பி (ஃபாஸ்ட் எஸ்எஸ்ஆர்பி) இருக்கிறது: கிளையன்ட் 4 எல்இஎஸ்/பஸ் ஜோடிகள்வரை முன்கூட்டியே தொடர்பில் இருக்கும். ஆனால் அதற்கேற்ப விசி (விர்ச்சுவல் சர்க்யூட்) எண்ணிக்கை கூடும் என்பதால், சுவிட்சின் கொள்ளளவைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.