கூட்டா, பொரியலா?

(2020 செப்டம்பரில், கொரோனாக் காலத்தில் எழுதியது.)

கேள்வி: கொரோனாவுக்காக மார்ச்சில் மூடிய ஜிம்மை ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். நான் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூட்டு உடற்பயிற்சி வகுப்பும் இந்த மாதம் தொடங்குகிறது. வாசலில் சானிடைசர் வைத்திருக்கிறோம், காய்ச்சல் பார்த்துத்தான் உள்ளே விடுகிறோம் என்று மாஸ்டர் தினமும் போன் போடுகிறார். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். போகலாமா? — ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்.

பதில்: ரயில் ஒழுங்காக ஓடிய காலத்தில் கொல்கத்தாவிலிருந்து ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்து, காட்பாடியில் இறங்கி, வேலூரில் லாட்ஜ் பிடித்து, சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நீங்கள் ஒரு பத்திரிகைக்காரனிடம் வைத்தியம் கேட்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

கூட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் பார்த்ததுமே எனக்குப் பசித்துவிட்டது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைக் கடலைப் பருப்போடு வேகவைத்து, தேங்காய் அரைத்து ஊற்றி இறக்கினால் அது கூட்டு. எது காய், எது பருப்பு என்று பிரிக்க முடியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்க வேண்டும். பொரியல் அப்படியில்லை. ஒரு துண்டு இன்னொரு துண்டைத் தொட்டாலும் ஒட்டாது. ஆறடி இடைவெளி என்று அரசாங்கம் ஆறு மாதமாகக் கத்துவது பொரியலைத்தான். நம் ஜனங்களுக்குக் கூட்டுதான் பிடிக்கிறது.

கூட்டுகிற காரியத்தில் அரசாங்கத்துக்கு ஆர்வம் இருந்ததே இல்லை. வட ஆற்காடு என்று ஒன்றாகக் கிடந்ததை 1989-ல் வெட்டித் திருவண்ணாமலையைத் தனியாக எடுத்தார்கள். மிச்சத்தை 2019 நவம்பரில் மூன்றாக நறுக்கினார்கள். (இதை எத்தனை தடவை எழுதுவீர்கள் என்று கேட்டுக் காட்பாடி வாசகர் ஒருவர் மாதாமாதம் கார்டு போடுகிறார். திரும்ப ஒட்டுகிற வரைக்கும், ஐயா.) ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆற்காடே ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. அதற்குப் பின்னால் கொரோனா வந்து, மாவட்டம் தாண்ட இ-பாஸ், அதாவது இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும் என்றார்கள். 2020 ஆகஸ்டுக் கடைசி வரை, இங்கிருந்து 25 கிலோமீட்டரில் இருக்கும் ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா என்ற இனிப்பைத் தின்ன எனக்கு இ-பாஸ் வேண்டியிருந்தது! விண்ணப்பத்தில் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் என்றுதான் காரணம் கேட்டார்கள். மக்கன் பேடா எனக்கு மூன்றாவது ரகம், ஆனால் அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார்.

உடம்பைக் குறைக்க வழி கேட்டவரிடம் மக்கன் பேடாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். சரி, ஜிம்முக்கு வருகிறேன்.

தென்கொரியாவில் சோனான் என்று ஒரு ஊர். 2020 பிப்ரவரி 15-ம் தேதி அங்கே நடன உடற்பயிற்சி சொல்லித்தரும் மாஸ்டர்கள் 27 பேர் ஒரு பயிற்சிக்காகக் கூடினார்கள். பிறகு அவர்களில் 8 பேருக்குத் தொற்று தெரியவந்தது. அதற்குள் அவரவர் ஜிம்முக்குப் போய் வகுப்பு எடுத்தாகிவிட்டது. மார்ச் 9-க்குள் 12 உடற்பயிற்சிக் கூடங்களைச் சுற்றி 112 பேருக்கு வந்துவிட்டது. அந்த மாஸ்டர்களில் ஒருவர் மட்டும் நடனம் எடுக்காமல் யோகாவும், குதிக்காமல் மெதுவாகச் செய்கிற பிலாட்டிஸ் பயிற்சியும் எடுத்தவர். அவரிடம் படித்த யாருக்கும் வரவில்லை. ஐந்து பேருக்குக் குறைவாக இருந்த வகுப்புகளிலும் பரவவில்லை. குதித்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, ஈரக்காற்றில் கூட்டமாக ஆடிய இடத்தில்தான் பிடித்துக்கொண்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் மாஸ்டரிடம் போட்டுக் காட்டுங்கள். அந்த அறைகள் சுமார் 60 சதுர மீட்டர். ஒருவருக்கு 4 சதுர மீட்டர் என்பது நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2020-ல் ஜிம்முக்குப் போட்ட விதி. அப்படியானால் அதே அறையில் 15 பேரை நிறுத்தலாம், விதிப்படி குற்றமில்லை. அங்கே நின்றது 5-லிருந்து 22 பேர் வரை. அதாவது அடி அளந்து கட்டம் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறவர் 15 பேர் வரை ஆடிய சோனான் வகுப்பையே சட்டப்படி சத்துவாச்சாரியில் நடத்திவிடலாம். கட்டத்துக்குள் கால் நிற்கும். மூச்சு நிற்குமா? நெற்றியில் துப்பாக்கி நீட்டிக் காய்ச்சல் பார்ப்பதும் அப்படித்தான். காய்ச்சல் வருவதற்கு முன்பே பரப்புகிறவரை அது சிரித்த முகத்தோடு உள்ளே விடும்.

சிரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அதே அமைச்சகம் 2020 ஆகஸ்டு தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஜிம்முக்கு அனுமதி இருந்தது, சிரிப்பு யோகாவுக்கு இல்லை. அதைப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், விதிக்கு உட்பட்டு. எங்கள் வீட்டுக்கு எதிர் மைதானத்தில் ஒரு சிரிப்பு மன்றம் இருந்தது. காலை ஆறு மணிக்கு இருபது பெரியவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு, எந்த நகைச்சுவையும் இல்லாமல் ஹா ஹா என்பார்கள். முதல் நாள் கலவரம் என்று நினைத்து வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பிறகு போய்க் கேட்டேன்: "இன்னா சார், எதுக்கு சிரிக்கிறீங்க?" ஒருவர் சொன்னார்: "காரணம் இருந்தா அது சிரிப்பு, இல்லேன்னா யோகா." நான்கு வருஷம் வாதாடியும் என்னால் நிறுத்த முடியாததை ஒரு வைரஸ் நிறுத்தியது. இப்போது காலையில் ரொம்ப அமைதி. சொன்னால் வெட்கம், அந்த இருபது பேரையும் தேடுகிறது.

அந்தத் தடையில் காரணம் இல்லாமல் இல்லை. சும்மா மூச்சு விடுவதைவிடச் சத்தமாகப் பேசும்போதும் சிரிக்கும்போதும் கத்தும்போதும் வாயிலிருந்து துளிகள் அதிகம் கிளம்புகின்றன. இப்போது உங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். பெட்டியளவு ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. அதற்கு மேலே கேட்க வேண்டுமே என்று மாஸ்டர் "இன்னும் பத்து! இன்னும் பத்து!" என்று அடித்தொண்டையில் கத்துவார். அதற்கு மேலே நீங்கள் எல்லாரும் எண்ணுவீர்கள். வேலூர் வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி ஏசி. உள்ளே கிடக்கிற காற்றையே அது திரும்பத் திரும்பக் குளிர்வித்துக் கொடுக்கும். இருபது வருஷமாக ஒலிபெருக்கிக்கு எதிராக நான் எழுதியதைக் கிழவன் புலம்பல் என்றார்கள். இன்றைக்கு அது பொது சுகாதாரம்!

ஆகவே, போகலாம், அறைக்குள் வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு மொட்டை மாடி, நான்கைந்து பேர், பாட்டு கிடையாது, எண்ணிக்கை அவரவர் மனசுக்குள். மாஸ்டர் வாயைத் திறக்காமல் கையால் காட்டட்டும். ஏழு மணிக்கு வெயில் ஏறிவிடும், அதுவரைக்கும் மூச்சு காற்றோடு போகும். வீட்டுக்காரர் வேண்டாம் என்பது கொரோனாவுக்காகவா, ஆறு மணிக் காபிக்காகவா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். 65 தாண்டியவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டதால் நான் வந்து பார்க்க முடியாது.

மாடி சரிப்படாது, பாட்டில்லாமல் ஆட்கள் வர மாட்டார்கள் என்று மாஸ்டர் சொன்னால் அவருடைய விலாசத்தை எனக்கு அனுப்புங்கள். எங்கள் தெருப் பின்பக்கத்தில் ஒரு ஜிம் இருக்கிறது. அந்த ஸ்பீக்கர் விஷயமாக எழுதி வைத்த மூன்று கடிதங்கள் தபாலில் சேர்க்காமல் கிடக்கின்றன. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.