அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப்பைப் பொழுதுபோக்காகத் தொடங்க என்னென்ன வேண்டும்? குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாகக் கூட்டிப்போகலாம். படகு வேண்டாம், பெட்டி நிறைய விதவிதமான இரைகளும் வேண்டாம். ஒரு ராடு (தூண்டில் கோல்), ஒரு ரீல் (நரம்பைச் சுற்றும் சக்கரம்), ஒரு பாக்கெட் ரப்பர் புழு, நாலைந்து தூண்டில் முள், இரையை அடியில் இறக்க நாலைந்து குண்டு, இவ்வளவு போதும். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாகப் பல வருடங்களாக ஏரிக்கரையிலிருந்துதான் பாஸ் பிடிக்கிறோம். என் கருத்து இதுதான்: தண்ணீருக்கடியில் தரையோடு ஊரும் ஒரு ரப்பர் புழு என்ன செய்கிறது என்பதை விரலாலேயே உணரப் பழகிவிட்டால், இந்தப் பொழுதுபோக்கில் பாதி கைக்கு வந்துவிட்டது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மீன். பாஸ் என்று இங்கே பொதுவாகச் சொல்வது லார்ஜ்மவுத் பாஸைத்தான். சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. குழந்தைகள் கரையோரம் பிடிக்கும் புளூகில்லுக்குச் சொந்தக்காரன். வாய் மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருந்தால் அது லார்ஜ்மவுத். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் ஸ்மால்மவுத். அதற்குத் தெளிந்த, குளிர்ந்த தண்ணீரும் பாறையும் பிடிக்கும்.

லார்ஜ்மவுத் பதுங்கியிருந்து பாயும் மீன். விழுந்து கிடக்கும் மரம், அல்லி இலைகளின் அடி, படகுத்துறையின் நிழல், நீர்ச்செடிகள் முடிந்து திறந்த தண்ணீர் தொடங்கும் ஓரம், இங்கெல்லாம்தான் நிற்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஏரியின் நடுவை நோக்கி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவார்கள். மீனோ பல சமயம் நாம் நிற்கும் இடத்திலிருந்து பத்தடிக்குள் இருக்கும். கரைக்கு இணையாக வீசுங்கள். கரையை நெருங்கும்போது தடதடவென்று நடக்காதீர்கள். பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அதிர்வைத் தெரிந்துகொள்ளும் மீன் இது.

பருவமும் முக்கியம். வசந்தத்தில் தண்ணீர் சுமார் 60 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும்போது ஆண் மீன் ஆழமில்லாத இடத்துக்கு வந்து, வாலால் தரையைத் துடைத்து வட்டமாகக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் ஆண்தான். தண்ணீர் மேல் கண் கூசாமல் காட்டும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கூடும் அதன் மேல் நிற்கும் மீனும் தெளிவாகத் தெரியும். கூட்டின் மேல் நாங்கள் தூண்டில் போடுவதில்லை. சில மாநிலங்களில் சட்டப்படி போடலாம்தான், ஆனால் அந்த ஆண் மீனைச் சிறிது நேரம் தூக்கி எடுத்தாலே போதும், புளூகில் கூட்டம் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். கோடையில் விடியற்காலையும் மாலையும் நல்ல நேரம். தண்ணீர் குளிரக் குளிர மீன் மந்தமாகும். இரையையும் அதற்கேற்ப மெதுவாக நகர்த்த வேண்டும்.

இனி சாமான்கள். ஸ்பின்னிங் ரீலில் தொடங்குங்கள், 2500 அல்லது 3000 அளவு. ராடு ஆறரை முதல் ஏழு அடி வரை, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், மீதி விறைப்பாக நிற்கும். நரம்பு 8 அல்லது 10 பவுண்டு தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான் போதும். முடிச்சு நன்றாக நிற்கும், சிக்கினாலும் வெட்டிப் போடலாம். மோனோ இழுத்தால் கொஞ்சம் நீளும். நீளாத பின்னல் நரம்பில் கடி இன்னும் நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகு மாறிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டர் ரீலை இப்போது தொடவே வேண்டாம். அதில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையே சுழலும். இரை தண்ணீரைத் தொடும் நொடியில் கட்டைவிரலால் நிறுத்தாவிட்டால் நரம்பு முழுவதும் கூடு கட்டிக்கொள்ளும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அதைப் பிரித்துக்கொண்டு உட்கார நேரமிருக்காது.

சரி, ரப்பர் புழுவை முள்முனை மறையும்படி மாட்டும் டெக்சஸ் ரிக் என்ற முறைக்கு வருவோம். தோட்டா வடிவக் குண்டு ஒன்றை, கூரான பக்கம் ராடை நோக்கி இருக்கும்படி நரம்பில் கோத்துக்கொள்ளுங்கள். கால் அவுன்ஸ் போதும். பிறகு 3/0 அளவு ஆஃப்செட் முள்ளை (கண்ணுக்குக் கீழே மடிப்புள்ள முள்) பாலோமார் முடிச்சால் கட்டுங்கள்: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போட்டு, நுனியில் மிஞ்சும் வளையத்துக்குள் முள்ளையே முழுதாக நுழைத்தெடுத்து, எச்சில் தொட்டு ஈரப்படுத்தி இறுக்க வேண்டும். ஈரப்படுத்தாமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

புழுவை மாட்டுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முள்முனையைப் புழுவின் தலையில் நேராகக் குத்தி, கால் அங்குலம் போனதும் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கண் தலைக்குள் பதியும்வரை இழுத்து, முள்ளைப் பாதி சுற்று திருப்புங்கள். இப்போது புழுவை முள்ளோடு சேர்த்துத் தொங்கவிட்டு, வளைவு எந்த இடத்தில் படுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் குத்தி மறுபக்கம் கொண்டுவந்து, முனையை மட்டும் தோலுக்கடியில் லேசாகச் செருகிவிடுங்கள். புழு நேராகத் தொங்க வேண்டும். கூனிக்கொண்டிருந்தால் தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். முனை மறைந்திருப்பதால் செடியிலும் கிளையிலும் மாட்டாமல் ஊர்ந்து போகும். மீன் பதுங்கும் இடத்துக்குள்ளேயே இரையை அனுப்ப முடிகிறது என்பதுதான் இந்த ரிக்கின் பெருமை. இந்த ரப்பர் புழுவுக்கும் ஒரு கதை உண்டு: 1949இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டிலேயே அச்சு வார்த்து, நிஜ மண்புழு போலவே நெளியும் பிளாஸ்டிக் புழுவைச் செய்தார்; பிறகு அதை விற்கவும் தொடங்கினார். இன்றுவரை பாஸுக்கு இதைவிட நம்பகமான இரை வரவில்லை என்பேன்.

வீசியதும் தண்ணீரின் மேல் கிடக்கும் நரம்பைப் பாருங்கள். இரை இறங்க இறங்க நரம்பும் நகர்ந்துகொண்டிருக்கும். தரையைத் தொட்டதும் தளர்ந்து நிற்கும். நிறைய மீன்கள் இந்த இறக்கத்திலேயே கவ்விவிடும், அதனால் கண்ணை எடுக்காதீர்கள். பிறகு ராடு நுனியை மெதுவாக ஒரு முழம் உயர்த்தி, இறக்கி, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றிக்கொள்ளுங்கள். இரையை நகர்த்துவது ராடின் வேலை, ரீலின் வேலை அல்ல. ஆள்காட்டி விரல் நரம்பைத் தொட்டபடியே இருக்கட்டும். சரளைக்கல் தரை என்றால் கடகடவென்று விரலில் தெரியும். சேறு என்றால் கனமாக, வழவழவென்று இழுபடும். நீர்ச்செடியில் மெத்தென்ற தடை வரும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கிளையின் மேல் ஏறும்போது கனம் கூடி, தாண்டியதும் சட்டென்று விழும். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தின் அடித்தரையைச் சொல்லிவிடுவீர்கள். சேறு முடிந்து கல் தொடங்கும் இடம் தட்டுப்பட்டால் அங்கேயே திரும்பத் திரும்ப வீசுங்கள். இப்படி இரண்டு வகைத் தரை சந்திக்கும் இடம் பாஸுக்குப் பிடித்த இடம்.

கடி என்பது இவை எதிலும் சேராத ஒன்று. ஒரு ‘டக்’. சில சமயம் இரண்டு. சில சமயம் ஒன்றுமே இருக்காது. இருந்த கனம் காணாமல் போயிருக்கும், அல்லது நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். உடனே சுண்டாதீர்கள். நுனியை மீன் பக்கம் இறக்கி, தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, பிறகு ஒரே வீச்சில் மேலே இழுங்கள். முள்முனை முதலில் ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அப்புறம்தான் தாடையில் ஏறும். தளர்ந்த நரம்பில் சுண்டினால் அந்தப் பலம் போய்ச் சேராது.

இது கைவந்த பிறகு வாக்கி ரிக். குச்சி போல ஒரே தடிமனாக இருக்கும் ஐந்து அங்குல ரப்பர் புழுவின் நட்டநடுவில் முள்ளைக் குத்தி, குண்டே இல்லாமல் போடுவது. இரண்டு முனையும் படபடத்துக்கொண்டு மெல்ல இறங்கும். செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், எதுவும் செய்யாமல் இருப்பது. என் மனைவிக்கு இதுதான் பிடித்த முறை. படகுத்துறைத் தூணை ஒட்டி விழ வைத்துவிட்டு, நரம்பைப் பார்த்தபடி அப்படியே நிற்பார். எங்கள் வீட்டில் பெரிய மீன்கள் பெரும்பாலும் அவர் கையில்தான் வந்திருக்கின்றன. பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்கவில்லை. கலங்கிய தண்ணீருக்குத் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட், அல்லி இலை மேல் இழுக்க ரப்பர் தவளை என்று மற்றவை எல்லாம் நிதானமாகச் சேரட்டும். நிறத்துக்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்: தெளிந்த தண்ணீருக்கு பச்சையும் பழுப்பும் கலந்தது, கலங்கலுக்குக் கறுப்பு.

பிள்ளைகள் விஷயம். அவர்களுக்கு முதல் மீன் பாஸாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சின்ன முள், ஒரு தக்கை, துளி மண்புழு, இவை போதும், புளூகில் வந்துகொண்டே இருக்கும். தக்கை முங்குவதைப் பார்த்ததும் ஒரு குழந்தையின் முகம் மாறுகிறதே, அதற்காகவே போகலாம். முள்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள்; மீனிலிருந்தும் சட்டையிலிருந்தும் சுலபமாகக் கழன்று வரும். தொப்பி, கண்ணாடி, தண்ணீர் ஓரத்தில் மிதவைச் சட்டை, இந்த மூன்றிலும் சமரசம் கூடாது. வீசும் முன் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள். அவர்கள் போதும் என்றதும் கிளம்பிவிடுங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. என் மகளுக்கு வீசுவதைவிடப் பிடித்த மீனைத் திருப்பி விடுவதில்தான் ஆசை. அதை அவள் பொறுப்பிலேயே விட்டுவிட்டோம். இப்போது கையை நனைக்காமல் யாராவது மீனைத் தொட்டால் அவள்தான் முதலில் தடுப்பாள். காய்ந்த கை பட்டால் மீனைக் காக்கும் வழவழப்பு போய்விடும் என்பதால்தான் இந்த விதி.

பாஸைக் கீழுதட்டைப் பிடித்துத் தூக்குவார்கள். பல் பயமில்லை; சொரசொரப்பாகத்தான் இருக்கும், நல்ல நாளில் கட்டைவிரலில் உப்புத்தாள் தேய்த்தது போல இருக்கும். சின்ன மீனை நேராகத் தொங்கவிட்டுப் பிடிக்கலாம். பெரியதை உதட்டை மட்டும் பிடித்துப் படுக்கைவசமாகத் தூக்கினால் தாடையில் அடிபடும், இன்னொரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுங்கள். படம் எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள். மிகப் பெரிய பாஸ்கள் எல்லாம் கிட்டத்தட்டப் பெண் மீன்கள். அவை திரும்பத் தண்ணீருக்குப் போக வேண்டும்.

எவ்வளவு பெரியது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் ஓர் அவுன்சுக்கும் சற்றுக் குறைவாகவே கூடுதல். சாதனையை முறியடிக்க 2 அவுன்சாவது அதிகம் வேண்டும் என்பதால் இருவரும் சமம். ஜப்பானுக்கு பாஸ் அமெரிக்காவிலிருந்து 1925இல் கொண்டுபோகப்பட்டது. இன்று அங்கே அதை உயிரோடு எடுத்துப்போவதுகூடச் சட்டவிரோதம், உள்ளூர் மீன்களுக்கு அவ்வளவு பாதிப்பு. பிடித்த மீனை வேறு குளத்தில் கொண்டுபோய் விடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கடைசியாக உரிமம். பெரும்பாலான மாநிலங்களில் 16 வயது ஆகாதவர்களுக்குத் தேவையில்லை, உங்களுக்கு வேண்டும். மாநில மீன்வளத் துறையின் தளத்திலேயே வாங்கலாம். அந்தப் பணமும், 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டில் சாமான்களில் வசூலாகும் வரியும் மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்கே போகின்றன. எத்தனை மீன், எந்த அளவு வைத்துக்கொள்ளலாம் என்பது ஏரிக்கு ஏரி மாறும், அதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சில மாநிலங்களில் சிறிய ஈயக்குண்டுக்குத் தடை உண்டு, ஈயத்தை விழுங்கும் நீர்ப்பறவைகள் செத்துப்போகின்றன. டங்ஸ்டன் குண்டு விலை கூடுதல்தான், ஆனால் அதில் தரை இன்னும் துல்லியமாக விரலுக்குத் தெரியும். நான் எங்கே போனாலும் அதைத்தான் போடுகிறேன். உரிமம் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ள நினைத்தால், பல மாநிலங்களில் ஜூன் தொடக்கத்தில் உரிமமில்லாமல் பிடிக்கும் நாள் ஒன்று வரும். அதுவரை முள் கட்டாமல் வெறும் குண்டை மட்டும் கட்டி, திறந்த புல்வெளியில் பிள்ளைகளோடு ஒரு வாளியைக் குறிவைத்து வீசிப் பழகுங்கள்.