மூடிக்கிடந்த தொழிற்சாலை நிலத்தில் மேல்மண்ணை மாற்றிவிட்டால் வீடு கட்டலாமா?

போதாது. "மூணடி மண்ணை அள்ளிட்டு நல்ல மண் கொட்டியாச்சு" என்று சொல்லி யாரோ உங்களிடம் மனை விற்கப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. மண் மாதிரி எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

ஒரு பழைய முலாம் பூசும் ஆலை இருந்த இடம். மேலே புல் முளைத்து, பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. துளை போட்டுக் குழாயோடு மண்ணை எடுத்துப் பிளந்து வைத்தால் மேலே செம்மண், கீழே களிமண், ரசாயனத் தொட்டிகள் இருந்த பக்கம் மட்டும் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக. கண்காணிப்புக் கிணற்றுத் தண்ணீரும் மஞ்சள். அந்த மஞ்சளுக்குக் காரணம் அறுமதிப்புக் குரோமியம் (hexavalent chromium), முலாம் பூசப் பயன்படும் குரோமியம் உலோகத்தின் ஒரு வடிவம், புற்றுநோய் உண்டாக்குவது, தண்ணீரில் கரைந்து நிலத்தடி நீரோடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பின் கரைசலை உள்ளே செலுத்தினால் அது மும்மதிப்புக் குரோமியம் என்ற இன்னொரு வடிவமாக மாறி, அவ்வளவாகக் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும். அதைச் செய்து, நீரை இறைத்துச் சுத்திகரிக்கவும் செய்தோம், அளவு நன்றாக இறங்கியது. பம்பை நிறுத்தி ஒரு மழைக்காலம் போனபின் பார்த்தால் மறுபடி மஞ்சள். களிமண் தனக்குள் வாங்கி வைத்திருந்ததை மெல்ல மெல்ல வெளியே விடும், இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் நிலத்துக்காரருக்கு அளவு இறங்கியிருந்த அந்த முதல் அறிக்கையே போதுமாக இருந்தது.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வெயிலில் நின்று, அந்த வாடையை முகர்ந்து மாதிரி எடுக்கிறவர்களின் பெயர் அறிக்கையில் எங்கேயும் வராது. இடத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர் கையெழுத்துப் போடுவார். துளை போடும் தொழிலாளிக்கு ஒழுங்கான கையுறைகூடக் கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை.

சரி, உடனே என்னை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்ல வேண்டாம். இப்படிப்பட்ட நிலத்தை மீட்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக மாசுபட்ட மண்ணை அங்கேயே கழுவிச் சுத்தம் செய்து பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அதே சமயம் அமெரிக்காவின் லவ் கால்வாயில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, மேலே மண் மூடி, 1953இல் பள்ளி நிர்வாகத்திடம் ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். பள்ளியும் வீடுகளும் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அதனால் அங்கே முன்பு என்ன தயாரித்தார்கள், தொட்டிகள் எங்கே இருந்தன என்று முதலில் விசாரியுங்கள். சராசரியை நம்பாமல் ஒவ்வொரு துளைக்கும், ஒவ்வொரு ஆழத்துக்குமான அளவைக் கேளுங்கள். மழைக்குப் பிறகு எடுத்த நிலத்தடி நீர்ச் சோதனை வேண்டும். எண்ணெய்ப்பிசுக்கு நீக்கும் கரைப்பான்கள் புழங்கிய ஆலை என்றால் மண்ணுக்குள் இருக்கும் ஆவியையும் சோதித்திருக்க வேண்டும், தரை விரிசல் வழியாக அது வீட்டுக்குள்ளேயே ஏறும். இவற்றைக் காட்டத் தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.