நாயின் நரம்பு செல்கள்: குட்டியிலிருந்து முதுமை வரை (கேள்வி பதில்)

கேள்வி: பிறந்து ஒரு வாரமாகியும் குட்டிகள் வயிற்றால்தான் தவழ்கின்றன. நரம்புக் கோளாறா டாக்டர்?

பதில்: இல்லை, அந்த வயதுக்கு அதுதான் சரி. நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. அவற்றின் இழைகளைச் சுற்றி வரவேண்டிய மயலின் என்ற கொழுப்பு உறைதான் இன்னும் முழுதாக வரவில்லை. உறை இல்லாத இழையில் தகவல் மெதுவாகவே போகும். முன்னங்கால்கள் முதலில் பலம் பெறும், சில நாள் கழித்துப் பின்னங்கால்கள். மூன்று வாரத்தில் தள்ளாடியாவது நடக்கும். நான்கு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: நாய்க்கு மூளை செல் பூனையைவிட அதிகமாமே?

பதில்: ஆமாம். 2017-இல் வெளியான ஆய்வில், பெருமூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) நாய்க்குச் சுமார் 53 கோடி நரம்பு செல்கள், பூனைக்கு 25 கோடி. ஆனால் எண்ணிப் பார்த்தது இரண்டே நாய்களை. பூனை வளர்ப்பவர்களிடம் சண்டைக்குப் போக அது போதாது!

கேள்வி: 13 வயது நாய். இரவெல்லாம் நடக்கிறது, மூலையில் போய் நின்றுகொண்டு திரும்பத் தெரியாமல் விழிக்கிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது. வயசானால் இப்படித்தானே?

பதில்: "வயசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் சிறுநீரகம், சர்க்கரை, மூட்டு வலி, கண், காது எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவையெல்லாம் சரி என்றால், மறதி நோயாக இருக்கலாம். முதிய நாயின் மூளையில் பீட்டா அமைலாய்டு என்ற புரதம் படிகிறது. அல்சைமர் வந்த மனிதர்களிடம் படிவதும் அதேதான். புறணி சுருங்கும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் செல்கள் குறையும். மனித நோயில் செல்லுக்குள் காணும் டாவ் புரத முடிச்சுகள் மட்டும் நாயிடம் அபூர்வம்.

இறந்த செல் திரும்பாது. மிச்சமுள்ளவற்றுக்கு வேலை கொடுக்கலாம். முதிய பீகிள் நாய்களை வைத்து நடந்த ஆய்வில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் சேர்த்த உணவு, விளையாட்டு, பயிற்சி, துணை எல்லாம் சேர்ந்தபோதுதான் பலன் மிக அதிகம். செலிஜிலின் என்ற மருந்தும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அப்புறம், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள்.

கேள்வி: 10 வயது ஜெர்மன் ஷெப்பர்ட். பின்னங்கால் நகம் தரையில் உரசுகிறது, வலி இல்லை.

பதில்: தண்டுவட நரம்பிழைகள் சிதையும் நோயாக இருக்கலாம். எஸ்ஓடி1 மரபணு மாற்றம் இதற்குக் காரணம். ஆனால் அந்த மாற்றம் உள்ள எல்லா நாய்க்கும் நோய் வருவதில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கினாலும் கால் இப்படி இழுக்கும், அதற்குச் சிகிச்சை உண்டு. அதனால் எம்ஆர்ஐ எடுக்காமல் முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: வயதான லாப்ரடார், குரைப்பு கரகரக்கிறது. தொண்டைப் புண்ணா?

பதில்: எனக்குச் சந்தேகம் நரம்பின் மேல்தான். குரல்வளைக்குப் போகும் நரம்பு மார்புவரை இறங்கித் திரும்ப மேலே ஏறுகிறது. இவ்வளவு நீண்ட இழைகள்தான் முதுமையில் முதலில் பழுதாகின்றன. அப்போது குரல்வளை சரியாகத் திறக்காது, மூச்சு திணறும். வெயிலில் ஓடவிடாதீர்கள், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். நாக்கு நீலமானால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.