சராசரி மழை பெய்தும் கிணறு வற்றுவது ஏன்?

கேள்வி: இந்த ஆண்டு எங்கள் பகுதியில் சராசரியில் 95 சதவீத மழை பெய்துவிட்டதாம். ஆனால் பயிர் வாடிவிட்டது, கிணறும் வற்றிவிட்டது. இது வறட்சியா? நாங்களே கணித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு நாள் கொட்டித் தீர்த்து ஓடிப்போன தண்ணீரும் அந்தக் கூட்டலில் இருக்கிறது. கதிர் பிடிக்கும் நேரத்தில் ஆறு வாரம் துளி மழை இல்லாதது அதில் தெரியாது.

சதவீதக் கணக்கிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. மழை அடிக்கடி தவறும் இடத்தில் 60 சதவீதம் என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதுதான். மழை தவறாத இடத்தில் அதே 60 சதவீதம் பெரிய அடி.

இதைச் சரிசெய்யத்தான் 1993-இல் அமெரிக்கக் காலநிலை ஆய்வாளர் தாமஸ் மெக்கீயும் அவரது குழுவினரும் தரப்படுத்திய மழைக் குறியீட்டை (SPI) உருவாக்கினார்கள். ஓர் இடத்தில் மழை வழக்கமாக எவ்வளவு கூடிக் குறையும் என்பதோடு ஒப்பிட்டு, இப்போதைய மழை எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் எண் இது. உலக வானிலை அமைப்பும் இதையே பரிந்துரைக்கிறது. குறைந்தது 30 ஆண்டுகளின் மாத மழையளவு இருந்தால் போதும். கணக்கிடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 0 என்றால் வழக்கமான மழை. மைனஸ் 1-ஐத் தொட்டால் மிதமான வறட்சி, மைனஸ் 1.5 கடுமையானது, மைனஸ் 2-உம் அதற்குக் கீழும் மிகக் கடுமையானது.

எத்தனை மாத மழையைச் சேர்த்துப் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பயிருக்கு 3 மாதக் குறியீடு. உங்கள் ஊரில் அது நன்றாகவே சரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிணறு ஓராண்டு மழையை மட்டும் நம்பி ஊறுவதில்லை, அதற்கு 12, 24 மாதக் குறியீடுகளைப் பாருங்கள். அவை 0-க்குப் பக்கத்தில் இருந்தும் கிணறு வற்றினால், மழையைக் குறை சொல்லாமல் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இந்தக் குறியீட்டுக்கு வெயில் தெரியாது. கடும் கோடையில் ஆவியாதலையும் கணக்கில் சேர்க்கும் வேறு குறியீடு தேவைப்படும்.

பக்கத்தில் மழைமானி நிலையம் இல்லையென்றால், 1981 முதலான செயற்கைக்கோள் மழைத் தரவு இணையத்தில் இருக்கிறது. அப்புறம், நீங்களும் ஒரு மழைமானி வையுங்கள். மரம், சுவரின் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி, திறந்தவெளியில் இருக்கட்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்க மறந்துவிட்டதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.